முதலில் இரவுகள்: டிராக்கன்ஸ்பர்க்கிலிருந்து கரூ வரை ஒரு கூடாரப் பயணத் திட்டம்

சித்திரை பிறந்ததும் கிளம்புகிறோம். இங்கே தென்னாப்பிரிக்காவில், நாங்கள் இருக்கும் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலை, அங்கிருந்து ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இருக்கும் கோல்டன் கேட் பூங்கா, அப்புறம் தெற்கே நெடுக இறங்கிக் கரூ வறண்ட நிலம். கூடாரம், படுக்கை, அடுப்பு, அரிசி எல்லாம் வண்டியிலேயே. பக்கத்து வீட்டு அங்கிளும் ஆன்ட்டியும் தங்கள் பாக்கியில் (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) முன்னே போவார்கள். நானும் கணவரும் பையனும் எங்கள் சின்னக் காரில் பின்னே. ஜோஹானஸ்பர்கில் இருக்கும் தோழிகள் சிலர், "திட்டத்தை அப்படியே அனுப்பு, நாங்களும் போகணும்" என்று கேட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் அடங்காது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சாலைப் பயணம் என்றால் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி, நடுநடுவே கிலோமீட்டரைப் போட்டு, கடைசியாகத்தான் தங்குமிடம் தேடுவார்கள். ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு அது போதும். கூடாரம் போடுகிறவர்களுக்கு முதலில் இரவுகள் முடிவாக வேண்டும் என்பது என் எண்ணம். எந்த மண்ணில் படுக்கப் போகிறோம், அங்கே எத்தனை மணிக்கு இருட்டும், எவ்வளவு குளிரும், தண்ணீர் உண்டா, நெருப்பு மூட்ட விடுவார்களா. இதெல்லாம் தெரிந்துவிட்டால் பகலில் என்ன செய்வது என்பது தானாக அமைந்துவிடும். ஏப்ரல் கடைசியில் இந்தப் பக்கம் மாலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். நாலு மணிக்குள் முளை அடித்துக் கூடாரம் நிற்கவில்லை என்றால் டார்ச் வெளிச்சத்தில்தான் சமையல். ஆகவே ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பதையும் இரவுதான் முடிவு செய்கிறது.

இடங்களைத் தேர்ந்தெடுத்தது பாறையை வைத்து. தமிழ்நாட்டில் இருந்தபோது மேல்நிலைப் பள்ளியில் புவியியல் பாடம் நடத்தியவள் நான். தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறையைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து பழகிய கை. அந்தப் பாறைக்கு ஏறக்குறைய ஆறரைக் கோடி வயது. டிராக்கன்ஸ்பர்க்கின் உச்சியில் இருப்பதும் அதே இனம்தான், பசால்ட். ஆனால் அதற்கு வயது 18 கோடிக்கு மேல். எரிமலைக் குழம்பு பிளவுகள் வழியாக மேலே வந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவி, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான கனத்துக்கு உறைந்து கிடக்கிறது. அதற்கு அடியில் வெளிர் மஞ்சள் மணற்பாறை. ஒரு காலத்தில் இங்கே பாலைவனம் இருந்தது, அதன் மணல்மேடுகள் இறுகிப் பாறையானவை இவை. அதற்கும் அடியில் சிவப்பு மண்பாறை. இன்னும் கீழே போனால் கரூவின் பழைய ஆற்று வண்டல் அடுக்குகள்.

நான் போட்டிருக்கும் வழியில் தெற்கே போகப் போக இந்த அடுக்கில் கீழே இறங்குகிறோம். முதல் இரவுகள் பசால்ட் சுவரின் காலடியில். அடுத்தவை மணற்பாறைக்கும் சிவப்பு மண்ணுக்கும் நடுவில். கடைசியில் 25 கோடி ஆண்டு பழைய ஆற்றங்கரை. மலை, செம்பாறை, அரித்த நிலம் மூன்றும் தனித்தனிச் சுற்றுலா இடங்களாக நிற்காமல் ஒரே கதையின் பக்கங்களாகிவிடும். பையனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முகாமிலும் தரையில் கிடக்கும் கல்லைப் பார்த்து நிறமும் கனமும் எழுத வேண்டும். கல்லை எடுத்து வரக் கூடாது, எழுத மட்டும்தான்.

ஏன் ஏப்ரல் கடைசி என்று சொல்லிவிடுகிறேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை டிராக்கன்ஸ்பர்க்கில் மதியம் தாண்டினால் இடியும் மின்னலும். மலைமுகட்டில் மின்னல் என்பது விளையாட்டில்லை. ஜூன், ஜூலையில் வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் இரவில் தண்ணீர் பாட்டிலே உறைந்துவிடும். ஆகஸ்டில் புல் காய்ந்து காட்டுத்தீக் காலம். செப்டம்பர் என்றால் வசந்தம், இதமாக இருக்கும் என்று நினைப்போம். 2024 செப்டம்பர் கடைசியில் பெய்த பனியில் ஹாரிஸ்மித், வான் ரீனன் பக்கம் என்-3 நெடுஞ்சாலையே மூடப்பட்டு, ஆட்கள் இரவு முழுக்க வண்டிக்குள் சிக்கிக் கிடந்தார்கள். தவிர செப்டம்பரில் புரட்டாசி வந்துவிடும். ஆன்ட்டி வீட்டில் அந்த மாதம் முழுக்க மரக்கறிதான், நெருப்பில் கறி சுடும் பேச்சே கிடையாது.

ஈஸ்டரில் போகலாமா என்றால் அதுவும் முடியாது. டர்பன் தமிழர்கள் பலருக்குப் புனித வெள்ளி என்றால் மாரியம்மன் கோயில். மவுண்ட் எட்ஜ்கமில் அன்றைக்குத்தான் தீமிதி. ஆன்ட்டி குடும்பத்தில் யாராவது ஒருவர் ஒவ்வொரு ஆண்டும் இறங்குவார்கள். அது முடியாமல் அவர்கள் எங்கும் நகர மாட்டார்கள். எப்படியும் ஈஸ்டர் வாரத்தில் முகாம்களில் இடம் கிடைப்பதும் கஷ்டம். ஏப்ரல் 27 சுதந்திர தினம், மே 1 தொழிலாளர் தினம். இடையில் கொஞ்சம் விடுப்பு எடுத்தால் நீண்ட விடுமுறை ஆகிவிடும். ஆனால் இதே கணக்கை எல்லோரும் போடுவார்கள் என்பதால், கூட்டம் அதிகம் வரும் டிராக்கன்ஸ்பர்க்கை 27-க்கு முன்பே முடித்துவிட்டு, விடுமுறை நாட்களில் யாரும் அவ்வளவாக வராத கரூவில் இருப்பதாக வைத்திருக்கிறேன்.

முதல் முகாம் ராயல் நேட்டால் பூங்காவில் இருக்கும் மஹாய். டர்பனிலிருந்து பெர்க்வில் வழியாக மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. லாரிகளோடு மலை ஏற வேண்டிய வான் ரீனன் கணவாய்க்கு முன்பே நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்துவிடலாம் என்பதே பெரிய நிம்மதி. பூங்காவுக்குள்ளிருந்து தெரிவது ஆம்ஃபிதியேட்டர் என்று சொல்லப்படும் அந்த வளைந்த பாறைச் சுவர், ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் அகலம். அதன் மேலிருந்துதான் துகேலா அருவி விழுகிறது. ஐந்து படியாக, மொத்தம் 948 மீட்டர். உலகத்திலேயே உயரமான அருவிகளில் ஒன்று. மழைக்காலம் முடிந்த கையோடு போவதால் அருவியில் நீர் இருக்கும். குளிர்காலத்தில் போனால் ஒரு கோடுதான் தெரியும்.

அருவிக்கு மேலே போக சென்டினல் சிகரத்தின் பக்கமிருந்து ஒரு பாதை உண்டு. செங்குத்துப் பாறையில் தொங்கும் இரும்புச் சங்கிலி ஏணிகளில் ஏற வேண்டும். பையன் அதற்குத்தான் ஆசைப்படுகிறான். அங்கிளின் முழங்காலை நினைத்தும், கார் நிறுத்துமிடம் வரைக்குமான சாலைக்கு எங்கள் கார் தாங்காது என்பதாலும் அதை வைக்கவில்லை. அதற்குப் பதில் கீழிருந்து துகேலா பள்ளத்தாக்குக்குள் போகும் நடை. போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. பெரும்பகுதி சமமான பாதை, மரநிழல், கடைசியில் ஆற்றுப் படுகையில் பாறை தாண்டிப் போக வேண்டும். காலை ஆறரைக்குப் புறப்பட்டு, மேகம் திரள்வதற்குள் திரும்பிவிட வேண்டும். மேலே மழை பெய்தால் பள்ளத்தாக்கில் தண்ணீர் சட்டென்று ஏறும். அந்த ஒரு நடைக்காகவே மஹாயில் இரண்டு இரவு.

மஹாயில் இன்னொரு விஷயம், பபூன் குரங்குகள். நம்மூர் மலைக்கோயில் குரங்கை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இவை ஆளையே சாய்த்துவிடும் உருவம், கூடாரத்தின் ஜிப்பைக் கிழித்துவிடும். உணவு எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. கூலர் பாக்ஸ், ரொட்டி, பழம் எல்லாமே பூட்டிய வண்டிக்குள். குப்பைப் பையும் அப்படியே.

டிராக்கன்ஸ்பர்க்கிலேயே ஜயன்ட்ஸ் காஸிலிலும் காம்பர்கிலும், இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் வரைந்த பாறை ஓவியங்கள் இருக்கின்றன. காம்பர்கின் கேம் பாஸ் குகைக்கு வழிகாட்டியோடு நடந்தே போக வேண்டும், அரை நாள் வேலை. இறந்துகொண்டிருக்கும் எலண்ட் மானின் வாலைப் பிடித்தபடி ஒரு மனிதன் நிற்கும் ஓவியம் அங்கே. மானின் பின்னங்கால்கள் குறுக்காகப் பின்னியிருக்கும், மனிதனின் கால்களும் அதே மாதிரி பின்னியிருக்கும். சான் மக்களின் ஓவியத்துக்கு என்ன பொருள் என்பதை ஆய்வாளர்கள் புரிந்துகொள்ள வழி திறந்துவிட்டது இந்த ஓவியம்தான். இதைப் பயணத்தின் நடுவே திணிக்க மனம் வரவில்லை. டர்பனிலிருந்து ஒரு வார இறுதிக்குத் தனியாகவே போகத் தகுந்த இடம்.

சானி கணவாய் வழியாகப் பக்கத்து நாடான லெசோதோவுக்குள் போகலாமே என்று கணவர் கேட்டார். அந்த ஏற்றத்துக்கு நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி இருந்தால்தான் விடுவார்கள். எல்லை தாண்டப் பாஸ்போர்ட் வேண்டும். வண்டி இன்னும் வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதமும் வேண்டும். இம்முறை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அடுத்து கோல்டன் கேட். ராயல் நேட்டாலிலிருந்து ஒலிவியர்ஸ்ஹூக் கணவாய் ஏறி, ஸ்டெர்க்ஃபொன்டைன் அணையின் நீலத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே போனால் ஃப்ரீ ஸ்டேட். இந்தப் பகுதியை மட்டும் மெதுவாகப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் பசால்ட் சுவருக்குக் கீழே இருந்த மணற்பாறை இங்கே கண்முன் வந்துவிடும். பிராண்ட்வாக் என்ற பெரிய பாறை முகப்பில் மாலை வெயில் பட்டால் பொன்னிறம், பூங்காவுக்குப் பெயர் வந்ததே அதனால்தான். மணற்பாறைக்குக் கீழே சிவப்பும் ஊதாவுமாக மண்பாறை. 1976-இல் ஜேம்ஸ் கிச்சிங் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் இந்தப் பூங்காவில், சாலை வெட்டிய இடத்தில், மாஸோஸ்பாண்டிலஸ் என்ற டைனோசரின் முட்டைகளைக் கண்டெடுத்தார். உள்ளே கரு அப்படியே கல்லாகியிருந்தது. உலகில் கிடைத்த மிகப் பழைய டைனோசர் கருக்களில் அவையும் உண்டு.

இங்கே தங்குவது க்ளென் ரீனன் முகாமில், ஓடைக்குப் பக்கத்தில். இந்த முகாமைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை, அங்கிள்.

டர்பனில் புதிதாக வந்து குடியேறிய நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. 1891-இல் அன்றைய ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசு ஒரு சட்டம் போட்டது. இந்தியர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது, நிலம் வாங்கக் கூடாது, கடை வைக்கக் கூடாது. பிறகு பிரிட்டிஷார் வந்தார்கள், 1910-இல் தென்னாப்பிரிக்க யூனியன் வந்தது, 1948-இல் நிறவெறி ஆட்சி வந்தது. ஆட்சிகள் மாறின, அந்தத் தடை மட்டும் 1980-களின் நடுப்பகுதி வரை நின்றது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக 1860-லிருந்து நேட்டாலுக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள், தாங்கள் பிறந்த நாட்டின் ஒரு மாகாணத்தில் வீடு எடுத்துத் தங்க முடியாது. தேசியப் பூங்காக்களின் முகாம்களும் அந்தக் காலத்தில் பெரும்பாலும் வெள்ளையருக்கே.

அங்கிளின் அப்பா வேலை விஷயமாக ஜோஹானஸ்பர்க் போய் வருவாராம். ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போடுவார், மலையைப் பார்ப்பார், நிற்காமல் போவார். இருட்டினாலும் ஓட்டுவார். "எங்கப்பாவுக்கு மலைன்னா உயிர்மா. கார் ஜன்னல்ல பார்த்ததோட சரி. ஒரு ராத்திரி அங்க படுக்கல அவர்," என்றார் அங்கிள். அவருக்குத் தமிழ் கோர்வையாக வராது, சாயங்காலப் பாடசாலையில் சின்ன வயதில் படித்தது. ஆனால் இதைத் தமிழில்தான் சொன்னார். நான் கோல்டன் கேட்டுக்கு ஓர் இரவு போட்டிருந்தேன். அவர் இன்னொன்று சேர்க்கச் சொன்னார். அதற்காகத் தெற்கில் ஒரு நிறுத்தத்தை எடுத்துவிட்டோம். இடம் பார்ப்பதற்கு ஒரு பகல் போதும்தான். அவர் கேட்டது இரவை.

குளிரைப் பற்றி. கோல்டன் கேட் உயரமான இடம். ஏப்ரல் கடைசியிலேயே விடியற்காலையில் புல்லில் உறைபனி இருக்கலாம். டர்பனில் வாங்கும் ஸ்லீப்பிங் பேக் பெரும்பாலும் கடற்கரை முகாமுக்கானது. பையில் இரண்டு வெப்பநிலை அச்சிட்டிருப்பார்கள். சின்ன எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், அது உயிர் பிழைப்பதற்கான அளவு. வசதியாகத் தூங்குவதற்கான அளவு என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். அதைவிட முக்கியம் கீழே விரிப்பது. உடம்பின் சூட்டைத் தரைதான் உறிஞ்சும். காற்றடித்த மெத்தை மட்டும் போட்டால் அதற்குள் இருக்கும் காற்றே குளிர்ந்துவிடும். மெத்தைக்கு மேல் ஒரு கம்பளி, அதன்மேல் ஸ்லீப்பிங் பேக். ஊரிலிருந்து வரும்போது அம்மா கொடுத்தனுப்பிய பவானி ஜமுக்காளம் இப்போது அந்த வேலைக்கு வருகிறது.

சாப்பாடு ஆன்ட்டி பொறுப்பு. முதல் நாளுக்கு வழியில் சாப்பிடப் புளியோதரையும் உருளை வறுவலும் நான் கட்டுகிறேன். இரவுச் சாப்பாட்டில் ஒன்று டின் மீன் குழம்பு, டர்பன் தமிழ் வீடுகளின் அவசரக் குழம்பு அதுதான். ஆன்ட்டி செய்யும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மூன்று கால் இரும்புச் சட்டியை, பொய்கி என்பார்களே, அதைத் தணலுக்கு மேல் வைத்து, எண்ணெய் சூடானதும் கடுகு, கறிவேப்பிலை, நிறைய வெங்காயம், கீறின பச்சை மிளகாய். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் அரைத்து வாங்கிய சிவப்பு மசாலா. பிறகு தக்காளி, அதை எண்ணெய் பிரியும் வரை விட்டுவிட வேண்டும், பொறுமை அங்கேதான். டின்னைத் திறந்து மீனை இரண்டாகப் பிளந்து நடுமுள்ளை எடுத்துவிட்டு, குழம்பின் மேலே பரப்பி வைப்பார். கரண்டி போடக் கூடாது. சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி மூடிவிட வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் கொத்தமல்லி. ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுவார்கள், எங்களுக்குச் சோறு. ஐஸ் பெட்டி தேவையில்லாத, கெட்டுப்போகாத, அரை மணியில் முடிகிற சமையல் முகாமுக்கு இதைவிட இல்லை.

விறகு முகாமிலோ வழியிலோ கட்டாக விற்பார்கள். பூங்காவுக்குள் சுள்ளி பொறுக்கக் கூடாது. காற்று பலமாக இருந்தால் நெருப்பையே தடை செய்துவிடுவார்கள் என்பதால் சின்ன காஸ் அடுப்பு ஒன்று கண்டிப்பாக வேண்டும்.

கோல்டன் கேட்டிலிருந்து கரூ போவது இந்தத் திட்டத்தின் கடினமான நாள். கிளாரன்ஸ், ஃபிக்ஸ்பர்க், லேடிபிராண்ட், வெப்பனர் என்று லெசோதோ எல்லையை ஒட்டியே போகும் ஆர்-26 சாலை. இடது பக்கம் நெடுக மணற்பாறைக் குன்றுகள், சோளக் காடு, செர்ரித் தோட்டங்கள். அழகான சாலை, ஆனால் பள்ளம் அதிகம். வேலை நடக்கும் இடங்களில் ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி வைத்து மறு பக்கத்தை விடுவார்கள், ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் போகும். கூகுள் சொல்லும் நேரத்தோடு நான் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டேன். அன்றைக்குக் கூடாரம் கிடையாது. அலிவால் நார்த்தில் சாதாரண விடுதி அறை, சுடுதண்ணீர்க் குளியல், துணி துவைப்பு.

அலிவால் நார்த் என்ற பெயர் பஞ்சாபிலிருந்து வந்தது. 1846-இல் சட்லஜ் கரையில் அலிவால் என்ற கிராமத்தில் சீக்கியப் படையோடு நடந்த போரில் ஆங்கிலேயர் பக்கம் தளபதியாக இருந்தவர் ஹாரி ஸ்மித். பிறகு அவர் இங்கே கேப் காலனியின் கவர்னராக வந்தார். ஹாரிஸ்மித் அவர் பெயர், லேடிஸ்மித் அவர் மனைவியை வைத்து. இந்தப் பயணத்தில் முதல் பாதி முழுக்க அந்த ஒரு குடும்பத்தின் பெயர்ப்பலகைகளைத்தான் தாண்டிப் போகிறோம். ஊரை ஒட்டி ஓடுவது ஆரஞ்சு ஆறு. துகேலா பிறக்கும் அதே மோன்-ஓ-சூர்ஸ் மலைப் பகுதியிலிருந்துதான் இதற்கும் நீர் வருகிறது. துகேலா கிழக்கே விழுந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறது. இது மேற்கே கண்டத்தையே கடந்து அட்லாண்டிக்குக்குப் போகிறது. பையனுக்கு இதைப் படத்தில் காட்டினால் பத்தாது, ஒரே வாரத்தில் இரண்டு ஆற்றிலும் கை நனைக்க வேண்டும்.

பிறகு கரூ. மிடல்பர்கிலிருந்து என்-9 சாலையில் தெற்கே வந்தால் லூட்ஸ்பெர்க் கணவாய். சாதாரணமாகக் கடந்து போய்விடக் கூடிய இடம். ஆனால் உலகத் தொல்லுயிர் ஆய்வில் இந்தப் பக்கத்துப் பாறைகளுக்குப் பெரிய பெயர் உண்டு. 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உயிர்களில் பெரும்பகுதி அழிந்த அந்தப் பேரழிவின் முன்னும் பின்னுமான அடுக்குகள் இங்கே இருக்கின்றன. அழிவைத் தாண்டிப் பிழைத்தவற்றில் ஒன்று லிஸ்ட்ரோசாரஸ், பன்றி அளவு, இரண்டு தந்தம். அதன் எலும்பு இங்கே கிடைக்கிறது, நம் தாமோதர் பள்ளத்தாக்கிலும் கிடைக்கிறது, அண்டார்டிகாவிலும் கிடைத்தது. மூன்று நிலமும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு இது சாட்சி. வகுப்பில் கோண்ட்வானா என்று சொல்லி வரைபடத்தை ஒட்டிக் காட்டியிருக்கிறேன். அந்த மண்ணின் மேலேயே உட்காரப் போகிறேன் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

பக்கத்தில் நியூ பெதெஸ்டா என்ற சின்ன ஊர். தெருவிளக்கு கிடையாது, வானம் முழுக்க நட்சத்திரம். அங்கே கிச்சிங் பெயரிலேயே ஒரு புதைபடிவ மையம் இருக்கிறது. கோல்டன் கேட்டில் முட்டையைக் கண்டெடுத்தவரின் குடும்ப ஊர் இது. உள்ளூர் வழிகாட்டிகள் வறண்ட ஆற்றுப் படுகைக்குக் கூட்டிப் போய், பாறையிலேயே பதிந்து கிடக்கும் எலும்பைக் காட்டுவார்கள். தொட்டுப் பார்க்கலாம், எடுக்கக் கூடாது. 1999-ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டப்படி இந்த நாட்டில் புதைபடிவங்களை அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம்.

கரூவில் கூடாரம் காம்டிபூ தேசியப் பூங்காவில், க்ராஃப் ரைநெட் ஊரை ஒட்டி. மேலே போனால் வேலி ஆஃப் டெசலேஷன். நூறு மீட்டருக்கு மேல் நெட்டுக்குத்தாக நிற்கும் டாலரைட் தூண்கள், அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை வெறும் சமவெளி. இந்த டாலரைட், டிராக்கன்ஸ்பர்க் உச்சியில் பார்த்த பசால்ட்டின் உடன்பிறப்பு. அதே காலத்துக் குழம்பு. அங்கே மேலே வந்து பரவியது. இங்கே மேலே வர முடியாமல் பாறை அடுக்குகளின் இடுக்கில் சிக்கி உறைந்தது. மேலிருந்த பாறை அடுக்கெல்லாம் அரித்துப் போன பிறகு வெளியே தெரிகிறது. கரூவில் காணும் தட்டைத் தலைக் குன்றுகள் அப்படியே நிற்பதும் இந்தக் கடினமான தொப்பியால்தான். சுற்றியுள்ள மென்மையான மண்பாறை மழைக்குக் கரைந்து பள்ளம் பள்ளமாக, இங்கே டோங்கா என்பார்களே, அப்படி ஆகிவிடுகிறது. ஆடு மேய்ந்து புல் போன இடத்தில் அரிப்பு இன்னும் வேகம்.

கரூவுக்கு இரண்டு விஷயம் தனியாக வேண்டும். ஒன்று முளை. கூடாரத்தோடு வரும் அலுமினிய முளை அந்தத் தரையில் வளைந்துவிடும். கட்டுமானக் கம்பியில் அரை அடிக்கு மேல் நீளமாக வெட்டி, ஒரு முனையை வளைத்துத் தரச் சொல்லி ஒரு கொல்லரிடம் அங்கிள் செய்து வாங்கியிருக்கிறார். சுத்தியலும் கனமானதாக. இரண்டாவது தண்ணீர். க்ராஃப் ரைநெட்டின் அணை சில ஆண்டுகளுக்கு முன் வறட்சியில் வற்றியே போனது. முகாமில் குழாய் இருந்தாலும் 25 லிட்டர் டிரம் நிறைய எடுத்துப் போகிறோம்.

திரும்பும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மவுன்டன் ஸீப்ரா பூங்காவில் ஓர் இரவு. ஒரு காலத்தில் அழியும் நிலைக்கு வந்த மலை வரிக்குதிரைக்காக 1937-இல் ஏற்படுத்தியது, இப்போது சீட்டா எனும் சிவிங்கிப்புலிகளும் உண்டு. அங்கிருந்து முத்தாத்தா வழியாக என்-2. அந்தச் சாலையில் மாடு, ஆடு, பள்ளிப் பிள்ளைகள், வேகத்தடை எல்லாம் உண்டு, இருட்டிய பின் ஓட்டவே கூடாது. அதனால் கொக்ஸ்டாடில் ஒரு விடுதியில் தங்கிவிட்டு மறுநாள் மதியம் வீடு.

மஹாய்க்கும் க்ளென் ரீனனுக்கும் இடம் பதிவு செய்தாகிவிட்டது. ஒரு முகாம் இடத்துக்கு ஆறு பேர் வரை விடுவார்கள், நாங்கள் ஐந்து பேர், ஒரே இடம் போதும். தேசியப் பூங்காக்கள் ஒன்றுக்கு மேல் போகிறவர்கள் வைல்ட் கார்டு என்ற ஆண்டு நுழைவு அட்டை வாங்கினால் லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இங்கே வசிக்கும் அனுமதி இருந்தால் அதைக் காட்டி உள்ளூர்க் கட்டணம் கேளுங்கள், வாயிலில் அசல் ஆவணம் வேண்டும். காம்டிபூ பதிவு இந்த வாரம். அங்கிள் சனிக்கிழமை பாக்கியின் பின் டயர் இரண்டையும் மாற்றுகிறார். ஆர்-26-இல் வெப்பனருக்கும் ஸாஸ்ட்ரனுக்கும் நடுவில் சமீபத்தில் யாராவது போயிருந்தால் சாலை எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். மோசமாக இருந்தால் புளூம்ஃபொன்டைன் வழியாகச் சுற்றிப் போக வேண்டும், அப்போது விடியற்காலை ஐந்து மணிக்கே கூடாரத்தை மடிக்க வேண்டியிருக்கும்.